எம்ஜிபி ஜிடியா, ட்ரயம்ஃப் ஜிடி6ஆ?

இங்கிலாந்தில் பட்ஜெட்டுக்குள் பழைய கூபே (கூரை மூடிய இரண்டு கதவு கார்) தேடுபவர்கள் பலரும் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டில்தான்.

எஞ்சின்: எம்ஜிபியில் 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர், அலட்டிக்கொள்ளாமல் ஓடும்.
ஜிடி6இல் 2 லிட்டர், ஆறு சிலிண்டர். அந்தச் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம்.

துரு: எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் வண்டியின் பலமே, அதனால் பெயிண்ட் பளபளப்பில் மயங்காமல் குனிந்து தட்டிப் பாருங்கள், அதை வெட்டி ஒட்டுகிற செலவு பேரத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும்.
ஜிடி6க்கு சேசிஸ் தனி. ஆனால் அதுவும் துருப்பிடிக்கும்.

ஜிடி6இல் இன்னொன்று: கிளட்சை ஒருவர் மிதிக்கும்போது எஞ்சின் முன்பக்கம் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னே நகர்ந்தால், கிராங்க் தண்டை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது, விலையைத் தாராளமாகக் குறைத்துக் கேட்கலாம்.

உதிரி பாகம்: எம்ஜிபிக்குக் கேட்டதெல்லாம் கிடைக்கும். ஜிடி6க்குச் சில உள் அலங்காரச் சாமான்களுக்கு அலைய வேண்டும்.

விலை: எம்ஜிபியில் குரோம் பம்பருக்குத்தான் மவுசு, 1974க்குப் பிறகு வந்த ரப்பர் பம்பர் மலிவு. ஜிடி6 1966 முதல் 1973 வரை மட்டுமே வந்ததால் எண்ணிக்கை குறைவு.

அடிக்கடி ஓட்டவும், பின்னால் சாமான் போடவும் எம்ஜிபி, அதிலும் ரப்பர் பம்பரே போதும். ஞாயிற்றுக்கிழமை ஜாலிக்கு ஜிடி6, ஆனால் பின் சஸ்பென்ஷனைத் திருத்திய 1968க்குப் பிந்தைய மாடலாகப் பாருங்கள்.