செயின் இன்ஜினுக்கு டைமிங் பெல்ட் மாற்றிய ஒர்க்‌ஷாப்

கோயம்புத்தூர் மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் ஒரு மல்டி பிராண்டு ஒர்க்‌ஷாப்பைப் பற்றி எழுதுகிறேன். ஒரே கோளாறுக்கு என் காரைத் திரும்பத் திரும்ப அங்கே விட்டேன். ஒவ்வொரு முறையும் பணம் கட்டினேன், கோளாறு மட்டும் போகவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நடப்பில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. என் மதிப்பெண் ஒரு நட்சத்திரம். அதற்குக் கீழே போட வழி இருந்தால் போட்டிருப்பேன்.

வண்டி 2013 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல். வீடு துடியலூரில், வேலை காரமடைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். தினமும் போக வர இதுதான். அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும், குன்னூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதும் இதில்தான். வண்டி நின்றால் என் வீட்டில் பாதி வேலை நின்றுவிடும்.

நரசிம்மநாயக்கன்பாளையத்தில் நெரிசலில் நின்றிருந்தபோது டெம்பரேச்சர் முள் நடுக்கோட்டைத் தாண்டி ஏறியது. ஓரங்கட்டி இன்ஜினை அணைத்து, ஆறவிட்டுப் பார்த்தால், இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட் இருக்கும் டப்பா காலி. மறுநாளே ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கண்ணாடிக் கதவு, ஏசி போட்ட வரவேற்பறை, வண்டியைக் கழுவித் துடைத்துச் சொன்ன நேரத்துக்குத் தருவது, இதிலெல்லாம் குறை சொல்ல மாட்டேன். "ரேடியேட்டர் மூடி போயிருச்சுங்க மேடம், மாத்திட்டோம், இனி பிரச்சனை வராது" என்றார்கள். 650 ரூபாய்.

கொஞ்ச நாளில் டப்பா மறுபடி காலி. இந்த முறை வாட்டர் பம்ப் என்றார்கள். பம்பைக் கழற்ற வேண்டுமானால், இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டையும் கழற்ற வேண்டுமாம், எப்படியும் பத்து வருடம் ஓடிய வண்டி, அதையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்றார் சூப்பர்வைசர். பம்ப், டைமிங் பெல்ட் கிட், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். அதில் பெல்ட் கிட் மட்டும் 2,850. கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டேன். "அது ஸ்கிராப்புக்குப் போயிருச்சுங்க மேடம்" என்றார். பில் கேட்டதற்கு, மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சிட்ட ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி எண் கிடையாது. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தேன். இன்றைக்கு என் கையில் இருக்கும் பெரிய ஆதாரம் அதுதான்.

அப்புறமும் தண்ணீர் குறைந்தது. போய்ச் சொன்னபோது, "வெயில் காலம் மேடம், கொஞ்சம் கொஞ்சம் குறையத்தான் செய்யும்" என்றார்கள். கூலன்ட் ஓடும் பாதை மூடிய பாதை. சூட்டில் விரியும் தண்ணீர் டப்பாவுக்குப் போய், ஆறியதும் திரும்ப ரேடியேட்டருக்கே வந்துவிடும். வாரா வாரம் அரை லிட்டர் காணாமல் போனால் அது எங்கேயோ வெளியே போகிறது என்றுதானே அர்த்தம்? இதைத்தான் கேட்டேன். அதற்குச் சூப்பர்வைசர், "வீட்ல சார் இருந்தா வரச் சொல்லுங்க மேடம், அவருக்குச் சொன்னா புரியும்" என்றார். ஓட்டுவது நான், பணம் கட்டுவது நான், வண்டி இருப்பதும் என் பேரில், எனக்கே சொல்லுங்கள் என்றேன். பதில் வரவில்லை. வண்டியை மட்டும் வாங்கி உள்ளே விட்டுக்கொண்டார்கள்.

அடுத்த நாள் திரும்பி வந்த வண்டியில் முள் ஏறவே இல்லை. "இப்ப பாருங்க மேடம், சில்லுன்னு ஓடுது" என்றார்கள். உண்மைதான், காரமடை போய்ச் சேரும் வரைக்கும் முள் பாதிக்குக்கூட வரவில்லை. ஆனால் சாவியைத் திருப்பினாலே முன்னால் ஃபேன் இரையத் தொடங்கியது. அதிகாலைக் குளிரிலும் அதே இரைச்சல். பெட்ரோலும் கூடுதலாகக் குடித்தது. லிட்டருக்கு 17 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 13க்கு இறங்கியது. போன் போட்டுக் கேட்டேன். ஃபேன் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்றார்கள்.

மே மாதம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு குன்னூர் கிளம்பினேன். சீசனில் அந்த மலைப்பாதை ஒருவழி. ஏறுகிறவர்கள் குன்னூர் வழி, இறங்குகிறவர்கள் கோத்தகிரி வழி. நடுவில் ஏதாவது ஆனால் வண்டியைத் திருப்ப முடியாது. பர்லியாரைத் தாண்டி ஒரு வளைவில் பானட்டிலிருந்து ஆவி வந்தது. முள் அப்போதும் கீழேதான் இருந்தது. தண்ணீர் மிகவும் குறைந்து சென்சார் தண்ணீருக்கு வெளியே நின்றுவிட்டால் முள் சரியான சூட்டைக் காட்டாது என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு முன்னால் இருந்த முள் எல்லாம் சரி என்றது. இந்த ஒன்றை நினைத்தால் இப்போதும் கோபம் அடங்கவில்லை.

பின்னால் வேன் ஓட்டி வந்த ஒரு அண்ணன் இறங்கி வந்து, "மூடியில கை வெச்சிராதீங்க, மூஞ்சியில அடிச்சிரும்" என்று கத்தினார். அப்பாவை வேனின் நிழலில் உட்காரவைத்து, என் வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்திக் கொடுத்தார். அவருக்கு நன்றி சொல்ல இந்த இடம்தான் கிடைத்திருக்கிறது. அதன் பிறகு ரெக்கவரி வண்டி வைத்து மேட்டுப்பாளையம் கொண்டுவந்து சேர்த்தேன்.

மேட்டுப்பாளையத்தில் தகரக் கொட்டகை போட்ட ஒரு சின்னப் பட்டறை. வயதான மெக்கானிக்கும் அவர் மகனும்தான் ஆட்கள். நடந்ததையெல்லாம் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தண்ணி எங்க போவுதுன்னு யாராச்சும் பாத்தாங்களா அம்மிணி?"

யாரும் பார்த்திருக்கவில்லை. அவர் பார்த்தார். ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பைப் பொருத்தினார். சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல அடித்தால் உள்ளே அழுத்தம் ஏறும், பம்பின் தலையில் இருக்கும் மீட்டர் அதைக் காட்டும். ஒரு பார் வரை ஏற்றிவிட்டு நிறுத்தினார். முள் மெல்ல இறங்கியது. டார்ச் அடித்துத் தேடியதில், ரேடியேட்டரின் பக்கவாட்டில் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பில், இன்ஜினைப் பார்த்த பக்கத்தில், முடி அளவுக்கு ஒரு கீறல். அழுத்தம் ஏறினால்தான் அது கசியும். சூட்டில் அங்கேயே காய்ந்துவிடும். அதனால்தான் வீட்டு வாசலில் ஒரு சொட்டுகூட விழவில்லை. கண்டுபிடிக்க அவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

உள்ளே இருந்த தண்ணீரை வடித்துக் காட்டினார். துரு நிறத்தில் வந்தது. பில்லில் கூலன்ட் என்று போட்டிருந்தாலும் ஊற்றியது வெறும் போர் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும், உப்புப் படிவு தெரிகிறது என்றார். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து, அழுத்தம் குறையாமல் இருந்தால் 120 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காது. வெறும் தண்ணீர், அதுவும் அழுத்தம் நிற்காத ரேடியேட்டரில், 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலை ஏற ஏற அதுவும் குறையும். குன்னூர் 1,850 மீட்டர் உயரம், அங்கே 94 டிகிரி போதும். கீழே ரோட்டில் எப்படியோ சமாளித்த வண்டி மலையில் காலை வாரியதன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்து தெர்மோஸ்டாட் வால்வு இருக்கும் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒன்றுமே இல்லை. வால்வையே எடுத்துவிட்டு மூடியை மட்டும் திரும்பப் போட்டிருந்தார்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அந்த வால்வு மூடியிருக்கும். 80 டிகிரிக்கு மேல் போனால்தான் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். அது இல்லையென்றால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டு பெட்ரோலை அதிகமாக விடும். என் மைலேஜ் அங்கேதான் போயிருக்கிறது. ஃபேனை சென்சார், ரிலே வழியாக விடாமல் இக்னிஷனிலிருந்து நேராக ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்திருந்தார்கள். மேலே சுற்றியிருந்த டேப்கூடப் புதிது. ஆக, கோளாறைத் தேடுவதற்குப் பதிலாக முள் ஏறாமல் இருக்க என்ன வழியோ அதைச் செய்து அனுப்பியிருக்கிறார்கள். இதை என்னிடம் சொல்லவில்லை, அந்தத் தாளிலும் எழுதவில்லை.

கடைசியாக அந்த எஸ்டிமேட் தாளை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தவர், டைமிங் பெல்ட் என்ற வரியில் விரலை வைத்து மகனைக் கூப்பிட்டார். "இதப் படி." மகனும் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். "அக்கா, இந்த இன்ஜின்ல செயின்தான். டைமிங் பெல்ட்டே கிடையாது."

என் ஸ்விஃப்ட்டில் இருப்பது மாருதியின் 1.2 லிட்டர் கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜின். அதில் டைமிங் செயின்தான், அது இன்ஜினுக்கு உள்ளேயே எண்ணெயில் ஓடுவது. வாட்டர் பம்ப்பை ஓட்டுவது வெளியே தெரியும் சாதாரண பெல்ட். பம்பை மாற்ற டைமிங் பக்கம் போகவே வேண்டாம். அந்த வெளி பெல்ட்டைத்தான் அப்படி எழுதிவிட்டார்களோ என்று கேட்டேன். அவர் காட்டிய பெல்ட் பழையது, ஓரமெல்லாம் வெடித்திருந்தது. பம்ப்பின் போல்ட்டுகளில் கம்பெனி போட்ட பெயின்ட் குறியும் அதன் மேல் வருடக்கணக்கில் படிந்த அழுக்கும் கலையாமல் இருந்தன. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. பம்பும் மாற்றப்படவில்லை, பெல்ட்டும் மாற்றப்படவில்லை.

புது ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் வால்வு, கூலன்ட், ஃபேன் ஒயரிங்கைப் பழையபடி ஆக்கியது, கூலி எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய். இன்ஜின் கொதித்தால் போய்விடக்கூடிய ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) தப்பித்தது. கழற்றிய ரேடியேட்டரைக் கேட்காமலேயே டிக்கியில் வைத்துக் கொடுத்தார். அதன் பிறகு மழைக்காலம் முழுக்க ஓட்டியாகிவிட்டது, குன்னூரும் போய் வந்தாயிற்று. டப்பாவில் தண்ணீர் கோட்டை விட்டு இறங்கவில்லை.

ஒர்க்‌ஷாப் முதலாளியை நேரில் பார்த்துப் படங்களைக் காட்டினேன். பெல்ட் விஷயம் டைப்பிங் மிஸ்டேக் என்றார். தெர்மோஸ்டாட்டை எடுப்பது "எல்லாரும் பண்றதுதான்" என்றார். அடுத்த சர்வீஸ் இலவசமாகச் செய்து தருவதாகவும் சொன்னார். அந்தக் கைகளில் என் வண்டியை இனி எப்படிக் கொடுப்பேன்? பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். பதில் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அதிலும் முடியாததால் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

பலர் என்னிடம் வக்கீல், கோர்ட், செலவு என்று பயமுறுத்தினார்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டிய சேவைக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். சேவைக்கு முறையான பில் தராததையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆன்லைனில் பதிவேற்றும் வசதியும் இருக்கிறது, நான் அப்படித்தான் செய்தேன். எஸ்டிமேட் தாள், பணம் கட்டிய யுபிஐ விவரம், மேட்டுப்பாளையத்துப் பில், அந்த மெக்கானிக் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்த அறிக்கை, படங்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். இன்னொருவர் தொழிலைப் பற்றி எழுதிக் கொடுக்க அவர் முதலில் தயங்கினார். பர்லியாரில் அப்பா வேன் நிழலில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னதும் பேனாவை எடுத்தார்.

ஆணையத்தின் நோட்டீஸ் போன பிறகு முதலாளி போன் செய்தார். பெல்ட்டுக்கான 2,850 ரூபாயைத் தந்துவிடுகிறேன், "எனக்குத் திருப்தி" என்று ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள் என்றார். மறுத்துவிட்டேன். மாற்றாத பம்புக்கும் ஊற்றாத கூலன்டுக்கும் வாங்கிய பணம், ரெக்கவரி வண்டிச் செலவு, இரண்டும் வர வேண்டும். என்னிடம் சொல்லாமல் தெர்மோஸ்டாட்டை எடுத்ததை அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். அடுத்த மாதம் வாய்தா. பழைய ரேடியேட்டர் இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது, அன்றைக்கு அதையும் எடுத்துப் போகிறேன்.