இரிடியத்திலிருந்து மீண்டும் நிக்கலுக்கு: வீட்டிலேயே ஸ்பார்க் பிளக் மாற்றிய அனுபவம்

இரிடியம் பிளக், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கின் நுனியில் நிக்கலுக்குப் பதில் இரிடியம் உலோகம் வைத்தது, போட்டால் வண்டி பறக்கும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். என் காரில் நிக்கல் பிளக்கும் ஓடியிருக்கிறது, இரிடியமும் அதன் ஆயுள் முழுக்க ஓடியிருக்கிறது. புது நிக்கலுக்கும் புது இரிடியத்துக்கும் இடையில் ஓட்டுகிறவருக்குத் தெரிகிற வித்தியாசம் என்று ஒன்றும் இல்லை. பிக்கப் அதேதான், மைலேஜும் அதேதான். தேய்ந்த பிளக்கை எடுத்துவிட்டுப் புதிது போடும்போதுதான் வித்தியாசம் தெரியும். அது எந்த உலோகமாக இருந்தாலும் தெரியும். பின் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? உங்கள் இன்ஜினில் பிளக்கை எட்டுவது எவ்வளவு சிரமம் என்பதை வைத்துத்தான். பல வருஷமாக நானே கழற்றி மாட்டியதில் வந்து சேர்ந்த முடிவு இது.

என்னுடையது டர்போ இல்லாத நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜ் கொடுக்கும் தனித்தனி காயில். மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினால் நான்கு காயிலும் வரிசையாகத் தெரியும், கை தாராளமாகப் போகும். நிக்கல், இரிடியம் இரண்டுக்கும் கையேட்டில் எண் கொடுத்திருக்கிறார்கள். (டீசல் காரில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அதில் இருப்பது குளோ பிளக், அந்தக் கதை வேறு.)

பிளக் ஏன் தேய்கிறது என்று தெரிந்தால் விளம்பர வாசகங்கள் பாதி உதிர்ந்துவிடும். 3000 ஆர்.பி.எம்.மில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1500 முறை பொறி விடுகிறது. ஒவ்வொரு பொறியும் நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தை அரித்துக்கொண்டு போகும். பொறி கூர்மையான விளிம்பிலிருந்துதான் சுலபமாகத் தாவும். விளிம்பு மழுங்கி, நடு முனைக்கும் எதிரே வளைந்து நிற்கும் வெளிக்கொம்புக்கும் உள்ள இடைவெளியும் அகன்றுவிட்டால் அதே பொறிக்குக் காயில் இன்னும் அதிக வோல்டேஜ் கொடுத்தாக வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐட்லிங்கில் லேசான நடுக்கம், மேட்டில் உயர்ந்த கியரில் மிதித்தால் ஒரு தயக்கம் என்று ஆரம்பிக்கும். இது மெல்ல மெல்ல வருவதால், தினமும் ஓட்டுகிறவருக்குக் கடைசியில்தான் உறைக்கும்.

இரிடியம் 2446 டிகிரி செல்சியஸில்தான் உருகும், பிளாட்டினம் 1768இல், நிக்கல் 1455இல். அரிப்பைத் தாங்குவதால் இரிடியத்தின் நடு முனையை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய கம்பியாக வைக்க முடிகிறது. சாதாரண நிக்கல் பிளக்கில் அது 2.5 மில்லிமீட்டர் தடிமன். மெல்லிய நுனியிலிருந்து பொறி தாவ வோல்டேஜ் குறைவாகப் போதும். காயிலுக்கு இது நிஜமான நிம்மதி. ஆயுளும் நிஜம்தான்: நிக்கல் சுமார் 30,000 அல்லது 40,000 கிலோமீட்டர் என்றால், இரிடியம் பல கார்களில் 1,00,000 வரை போகும். காப்பர் பிளக் என்று கடையில் கொடுப்பதிலும் நுனி நிக்கல் கலவைதான். செம்பு உள்ளே இருந்துகொண்டு வெப்பத்தைக் கடத்துகிறது.

மூன்று நான்கு கொம்பு வைத்த பிளக்குகள் நான்கு பொறி விடும் என்பதும் கதை. பொறி ஒரு நேரத்தில் ஒரு கொம்புக்குத்தான் தாவும். கொம்புகள் தேய்மானத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, அவ்வளவே.

வாங்கும்போது பெட்டியின் மேல் இருக்கும் படத்தை விட எண்ணைப் படிப்பது முக்கியம். என்ஜிகே என்ற பிளக் கம்பெனியின் பிகேஆர்6இ-11 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு எழுத்து 14 மில்லிமீட்டர் மரை, 16 மில்லிமீட்டர் சாக்கெட் என்று சொல்கிறது. ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. ரேடியோவில் இரைச்சல் வராமலும் இன்ஜினின் எலெக்ட்ரானிக்ஸ் குழம்பாமலும் பார்த்துக்கொள்வது அதுதான். இ என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீட்டர். கடைசியில் உள்ள 11, இடைவெளி 1.1 மில்லிமீட்டர். நடுவில் உள்ள 6 தான் வெப்ப எண், பலர் விளையாடிப் பார்ப்பதும் இதில்தான்.

பிளக்கின் நுனி சுமார் 450 டிகிரிக்கு மேல் இருந்தால் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850ஐத் தாண்டிப் போனால் பொறி வருவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். பிஸ்டனுக்கு அது ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் நுனியை வைத்திருக்கத்தான் வெப்ப எண். என்ஜிகேயிலும், இன்னொரு பிளக் கம்பெனியான டென்சோவிலும் எண் ஏறினால் பிளக் குளிர்ச்சியானது, அதாவது வெப்பத்தைச் சீக்கிரம் கடத்திவிடும். பாஷில் நேர் எதிர், எண் ஏறினால் சூடானது. அதனால் ஒரு கம்பெனியின் எண்ணை வைத்துக்கொண்டு இன்னொரு கம்பெனியில் தேடக் கூடாது. என்ஜிகேயின் 6க்கு டென்சோவில் 20. இன்ஜினில் ஒரு மாற்றமும் செய்யாதவர்கள் வெப்ப எண்ணைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. மரையின் நீளத்தில் சமரசமே கூடாது. நீளமான பிளக் உள்ளே நீட்டிக்கொண்டு பிஸ்டனில் இடிக்கலாம். குட்டையாக இருந்தால் மிச்ச மரையில் கரி அடைத்து, பிற்பாடு சரியான பிளக்கே இறங்காது.

சரி, வேலைக்கு வருவோம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிளக் இறங்கும் இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டில் சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரையும் சேர்ந்து வந்துவிடலாம், அப்புறம் செலவு வேறு மாதிரி. காயிலின் கனெக்டரில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு வெப்பத்தில் வறண்டு போயிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல், முதலில் கனெக்டரை உள்பக்கம் அழுத்தி, பிறகு நாக்கை அமுக்கி இழுத்தால் உடையாமல் வரும். பத்து மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்ததும் காயிலை இரண்டு பக்கமும் லேசாகத் திருப்பிவிட்டு மேலே உருவ வேண்டும். இப்போது பிளக்கில் கை வைக்காதீர்கள். குழிக்குள் தூசியும் மணலும் இருக்கும். காற்றடித்து வெளியேற்றாமல் பிளக்கைக் கழற்றினால் அத்தனையும் நேராக சிலிண்டருக்குள் போகும்.

சாக்கெட் பற்றி ஒரு வார்த்தை. பிளக்கைப் பிடித்துக்கொள்ள உள்ளே ரப்பர் வைத்த சாக்கெட்டைத்தான் நான் ரொம்ப நாள் வைத்திருந்தேன். நாளாக ஆக அந்த ரப்பர் பிளக்கின் வெள்ளைப் பீங்கானைக் கவ்விக்கொண்டு, எக்ஸ்டென்ஷன் மட்டும் கையோடு வந்து, சாக்கெட் குழியின் அடியிலேயே நின்றுவிடும். காந்தம் வைத்த சாக்கெட்டுக்கு மாறியதிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. புதிய மாடல் இன்ஜின்களில் பிளக் இன்னும் ஒல்லி. அதற்கு 14 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும், சுவர் மெல்லியதாகவும் இருக்க வேண்டும்.

கழற்றும்போது பாதியில் இறுகினால் பலத்தைக் காட்டாமல், மரைக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். புதிதை இறக்கும்போது ராட்செட் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஹோஸ் துண்டு ஒன்றைப் பிளக்கின் தலையில் செருகி, அதைக் கைப்பிடியாக வைத்துச் சுற்றுவது என் வழக்கம். மரை கோணலாக ஏறப் பார்த்தால் ஹோஸ் வழுக்கிவிடும், மரை பிழைத்துக்கொள்ளும். சரியாக ஏறினால் அடிவரைக்கும் ஹோஸாலேயே போய்விடும். அப்புறம் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்: வாஷர் வைத்த 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், வாஷர் போய் உட்கார்ந்த பிறகு 14 மில்லிமீட்டர் பிளக்கை அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்று வரை திருப்பலாம். புது வாஷர் நசுங்கும்போது ஒரு மெத்தென்ற உணர்வு கைக்குத் தெரியும், பிறகு சட்டென்று கெட்டியாகும். அதற்கு மேல் போக வேண்டாம். தளர்வாக விட்டாலும் தப்பு; பிளக்கின் வெப்பம் ஹெட்டுக்குப் போவது அந்த மரை, வாஷர் வழியாகத்தான்.

மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவும் ஆன்டி சீஸ் பசையை மரையில் தடவ வேண்டுமா என்பதில் மெக்கானிக்குகளே இரண்டு கட்சி. இப்போதைய பிளக்குகளின் மரைக்கு ஏற்கெனவே பூச்சு இருக்கிறது, தடவ வேண்டாம் என்று என்ஜிகே சொல்கிறது. வழுவழுப்பு கூடினால் டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போதே பிளக் அளவுக்கு மேல் இறுகிப் போயிருக்கும். நான் தடவுவதில்லை, இதுவரை ஒரு பிளக்கும் பிடித்துக்கொண்டதும் இல்லை.

இடைவெளியைப் பொறுத்தவரை, புது நிக்கல் பிளக்கை பீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் வெளிக்கொம்பை மட்டும் லேசாக வளைக்கலாம். இரிடியத்தில் அளவு பெரும்பாலும் சரியாகவே வரும். நாணயம் போன்ற கேஜை அதில் செருகினால் அந்த மெல்லிய நடு முனை ஒடிந்துவிடும், அதோடு பிளக்கின் கதை முடிந்தது. கைதவறித் தரையில் விழுந்த பிளக்கையும் போடாதீர்கள். பீங்கானுக்குள் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.

எனக்கு இந்த வேலையில் பிடித்த கட்டமே கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி துணியில் அடுக்கிப் பார்ப்பதுதான். நுனி வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் எல்லாம் நலம். காய்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது வண்டி சூடேறும் முன்பே தினமும் நிறுத்தப்படுகிறது. வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் அதிக சூடு. ஈரமான எண்ணெய்ப் பிசுக்கு நுனியிலேயே இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கலாம். வெள்ளைப் பீங்கானில், இரும்பு உடம்பு ஆரம்பிக்கும் இடத்தையொட்டி ஒரு பழுப்பு வளையம் தெரியும். அதைப் பார்த்து காஸ் கசிகிறது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது உயர் வோல்டேஜில் எண்ணெய்த் துகள்கள் வந்து ஒட்டிய கறை, பிளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரிடியம் ஓடிய காலத்தில் நடந்ததுதான் என்னை நிக்கலுக்குத் திருப்பியது. கையேடு கொடுத்த கெடு வரும்வரை மூடியைத் திறக்கக் காரணமே இல்லை. கெடுவுக்கு வெகு முன்பே ஒருநாள் மேடேறும்போது வண்டி மிஸ் அடித்து, செக் இன்ஜின் விளக்கு மினுக்கியது. ஸ்கேனரில் பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாத மிஸ்ஃபயர். அந்தக் காயிலை உருவினால், பிளக்கின் தலையை மூடும் அதன் ரப்பர் உறையான பூட் முழுக்க இன்ஜின் ஆயில், ஊறி உப்பிப்போயிருந்தது. துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால் பென்சிலால் இழுத்தது மாதிரி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு மேலிருந்து கீழே ஓடியது. பொறி நுனிக்குப் போகாமல் அந்தக் கோட்டு வழியாகவே ஹெட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றியதும் ஸ்கேனர் காட்டிய எண்ணும் பி0304 ஆக மாறியது, சந்தேகம் தீர்ந்தது. பிளக்கின் நுனி என்னவோ அழகான பழுப்பில்தான் இருந்தது. ஆயில் வந்தது வால்வு கவரில் பிளக் குழியைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் வழியாக. சீல் சின்ன விஷயம், காயில் அப்படி இல்லை.

நிக்கல் போட்ட காலத்தில் அந்தச் சீல் கசிந்திருந்தால், வழக்கமான மாற்றத்தின்போதே மரையின் மேல் எண்ணெய் பளபளப்பதைப் பார்த்திருப்பேன். எளிதாகத் திறக்க முடிகிற இன்ஜினில் சீக்கிரம் தேய்கிற பிளக் என்பது அடிக்கடி உள்ளே எட்டிப் பார்க்கக் கிடைக்கிற சாக்கு. அதனால் இப்போது என் காரில் நிக்கல்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. வி6 இன்ஜினைக் குறுக்காக வைத்த கார்களில் பின்வரிசைப் பிளக்கைத் தொட, இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டையே இறக்க வேண்டியிருக்கும். அங்கே இரிடியத்தைத் தவிர வேறு எதையும் யோசிக்க மாட்டேன். டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்றால் கையேட்டில் உள்ள எண்ணைத் தாண்டக் கூடாது. காஸில் ஓடும் காரில் பொறிக்கு அதிக வோல்டேஜ் தேவைப்படுவதால் எந்தப் பிளக்கும் சீக்கிரம் தேயும். இரண்டு சிலிண்டருக்கு ஒரே காயில் இருக்கும் பழைய அமைப்பில் பாதிப் பிளக்குகளில் பொறி தலைகீழாகத் தாவுகிறது, வெளிக்கொம்புதான் அதிகம் அரிக்கும். அந்த வண்டிகளுக்கு இரண்டு முனையிலும் விலையுயர்ந்த உலோகம் வைத்த பிளக்கைத் தேடி வாங்குங்கள். நடு முனையில் மட்டும் இருப்பது அங்கே பிரயோஜனப்படாது.

இரிடியத்தோடு இருப்பவர்கள் கெடுவின் பாதியில் ஒருமுறை காயிலை மட்டும் உருவி, குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் போதும், பிளக்கைத் தொட வேண்டியதில்லை. திரும்ப மாட்டும்போது பூட்டின் உள்விளிம்பில் மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவிவிடுங்கள், அடுத்த முறை ஒட்டாமல் வரும். பூட் வெடித்திருந்தாலும் உடனே காயில் வாங்க ஓட வேண்டாம். பல கார்களுக்குப் பூட் மட்டும் தனியாகக் கிடைக்கிறது.