டயர் உரசினால் எதை மாற்றுவது: பம்பரையா, பம்ப் ஸ்டாப்பையா?

கரடுமுரடான பாதையில் போக என் வண்டிக்கு 33 இன்ச் பெரிய டயரும் இரும்பு பம்பரும் மாட்டிய பிறகு முதல் சில நாட்கள் ஒரு குறையும் தெரியவில்லை. சமதரையில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தேன், தாராளமாக இடைவெளி இருந்தது. அப்புறம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, ஒடித்த நிலையில் இடது முன்சக்கரம் மேலே அமுங்கியது. கர்ர்ரென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் பம்பர் மூலையில் கறுப்பாக ரப்பர் அப்பியிருக்கிறது, டயரின் ஓரக்கட்டைகள் இரண்டு சீவிப்போயிருக்கின்றன.

லிஃப்ட் போடு, அதாவது உயரமான ஸ்பிரிங் மாட்டி வண்டியைத் தூக்கு, சரியாகிவிடும் என்றார்கள். ஆகாது. உயரமான ஸ்பிரிங் வண்டி நிற்கும் உயரத்தை மட்டுமே மாற்றும். சக்கரம் எதுவரை மேலே வரலாம் என்பது, ஆக்சிலுக்கும் சேஸிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் தடுப்பான பம்ப் ஸ்டாப்பின் கையில் இருக்கிறது. அதைத் தொடாமல் 2 இன்ச் தூக்கினாலும், முழுக்க அமுங்கும்போது டயர் பழைய இடத்துக்கே வந்து இடிக்கும்.

சக்கரத்தை வெளியே தள்ள அதன் பின்னால் வைக்கும் வளையமான வீல் ஸ்பேசர், என் பிரச்சினைக்கு நேர் எதிரான மருந்து. டயர் உள்பக்கம் கன்ட்ரோல் ஆர்ம், ஸ்வே பார் போன்ற சஸ்பென்ஷன் கம்பிகளில் உரசினால் அது உதவும். வெளியே பம்பர் மூலையில் உரசுகிற டயரை இன்னும் வெளியே தள்ளினால், ஸ்டியரிங் ஒடிக்கும்போது அது சுற்றும் வட்டம் பெரிதாகித்தான் போகும். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகும் அவ்வப்போது ஒரு கண் வைக்க வேண்டும்.

ஆக, மிஞ்சியது இரண்டு வழி: பம்ப் ஸ்டாப்புக்குக் கட்டை கொடுத்து நீட்டி, சக்கரம் முன்கூட்டியே நிற்கும்படி செய்வது, அல்லது பம்பர் மூலையை வெட்டுவது. நான் வெட்டினேன்.

முடிவெடுக்கும் முன் ஒரு நாள் முழுக்க அளந்தேன். சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, முன் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றி, ஆக்சிலின் ஒரு முனையை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் தொடும்வரை ஏற்றினேன். இடது பக்கம் ஒடித்துப் பார்த்தால் டயருக்கும் பம்பருக்கும் நடுவே 6 மி.மீ. அதே சோதனையில் வலது பக்கம் 25 மி.மீ. காரணம் பான்ஹார்ட் ராடு, அதாவது ஆக்சிலைச் சேஸியோடு குறுக்காக இணைக்கும் கம்பி: அது வட்ட வில்லில் நகர்வதால், ஆக்சில் மேலே வரும்போது கொஞ்சம் பக்கவாட்டிலும் தள்ளப்படுகிறது. 6 மி.மீ. இருக்கிறதே, பிறகேன் உரசியது? ஓடும் வண்டியின் எடை விழும்போது பம்ப் ஸ்டாப் ரப்பர் இன்னும் அமுங்கும். ஜாக்கி அதைக் காட்டாது.

இப்போது பம்ப் ஸ்டாப்பை எடுத்துக்கொள்வோம். என் வண்டி நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே வர 95 மி.மீ. இடம் இருக்கிறது. 40 மி.மீ. கட்டை வைத்தால் மிச்சம் 55. ஒவ்வொரு பெரிய குழியிலும் ஆக்சில் நங்கென்று கட்டையில் மோதும். மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் மேலே போக முடியாவிட்டால் வண்டிதான் சாயும், எதிர்ப்பக்கச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். கரடுமுரடான பாதையில் போவதற்கென்றே இத்தனையும் மாட்டிவிட்டு, உள்ளங்கை அளவு இரும்புக்காக சக்கரம் மேலே வரும் இடத்தில் கிட்டத்தட்ட பாதியை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அட்டையில் அச்சு வெட்டி வைத்து, கிரைண்டரால் மூலையைச் சாய்வாக எடுத்தேன். பம்பரின் உள்ளே வெற்றிடம் என்பதால், திறந்த வாயைத் தகடு வைத்து வெல்டிங்கால் மூடினேன். தண்ணீர் வடிய அடியில் ஒரு ஓட்டை. துத்தநாக பிரைமர், மேலே பெயிண்ட். பராமரிப்பு என்றால் இவ்வளவுதான்: கல்லடிபட்ட இடத்தில் வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் தொட்டுவிடுவது. தகட்டின் உள்பக்கம் பெயிண்ட் போகாது என்பதால், அங்கே மெழுகு கலந்த துரு தடுப்பான் அடித்திருக்கிறேன். வெட்டியதை ஒட்ட முடியாதுதான். பம்ப் ஸ்டாப் கட்டை என்றால் அதைக் கழற்றினாலே வண்டி பழையபடி ஆகிவிடும், விற்கும்போது அது ஒரு வசதி. நான் கம்பெனி பம்பரைப் பரணில் வைத்திருக்கிறேன்.

ஆனால் வின்ச்சை (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவியை) தாங்கும் தகட்டிலோ சேஸியிலோ டயர் இடித்தால் கிரைண்டரை எடுக்கவே கூடாது, அங்கே பம்ப் ஸ்டாப்தான். ஷாக் அப்சார்பர் முழுக்க அமுங்கி அடிதட்டும் வண்டிக்கும் அதேதான், இல்லையென்றால் ஷாக் உடைந்துபோகும். என்னுடையது முன்சக்கரம் இரண்டையும் ஒரே கட்டியான ஆக்சில் இணைக்கும் வண்டி. இரண்டு சக்கரமும் தனித்தனியாக அசையும் வகையில் நான் இதைச் செய்ததில்லை, அதில் பான்ஹார்ட் ராடே கிடையாது என்பதால் என் அளவுகளை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

வலது மூலையை நான் தொடவில்லை, அங்கே 25 மி.மீ. போதுமானதாக இருக்கிறது. முன்னால் நின்று பார்ப்பவர்கள், எங்கே போய் இடித்தாய் என்று கேட்கிறார்கள்.