துறைக் கிளஸ்டரும் உதவி மையமும்: நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு

எங்கள் பொறியியல் துறையின் கிளஸ்டர் (பலர் பகிர்ந்து கணக்கீடுகளை ஓட்டும் கணினித் தொகுப்பு), மென்பொருள் உரிமங்கள், உதவி மையம் எல்லாவற்றையும் முதுகலை நாட்களிலிருந்தே பயன்படுத்தி வருகிறேன். புதிதாகச் சேருபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கோர், என்ன ஜிபியு?" என்று கணக்கிடும் திறனைப் பற்றித்தான். ஆனால் என் வேலையை அதிகம் தாமதப்படுத்தியவை உரிமமும், கிளஸ்டருக்கு அனுப்பும் கணக்கீடுகள் (இவற்றை 'வேலை' என்போம்) காத்திருக்கும் வரிசையும்.

உரிமத்தை எடுத்துக்கொள்வோம். மேட்லேப், ஆன்சிஸ் போன்ற பொறியியல் மென்பொருள்களின் உரிமங்கள் ஒரு பொதுச் சர்வரில் இருக்கும்; ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்பது கணக்கு. மேட்லேபில் டூல்பாக்ஸ் எனும் கூடுதல் கருவித் தொகுப்பு ஒன்றைத் தொட்டுவிட்டால், பொதுவாக மேட்லேபை மூடும்வரை அந்த உரிமம் உங்கள் கையில்தான். திரையைப் பூட்டிவிட்டுப் போனாலும் திரும்பாது. செமஸ்டர் கடைசியில் எல்லாரும் இப்படிச் செய்தால் என்ன ஆகும்? இரவு போட்ட வேலை தொடங்கிய உடனேயே உரிமம் இல்லாமல் நின்றுபோகும்.

உதவி மையத்தார் இதற்கு நல்ல வழி செய்தார்கள். வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஸ்லர்ம் மென்பொருளில் கோர், நினைவகம் போல உரிமத்தையும் ஒரு வளமாகச் சேர்த்தார்கள். வேலையை அனுப்பும் ஸ்கிரிப்டில் உரிமத்தைக் கேட்டுவிட்டால், அது கிடைக்கும்வரை வேலை வரிசையில் காத்திருக்கும். ஆனாலும் ஒரு ஓட்டை உண்டு. யாராவது தன் மேசைக் கணினியில் அதே மென்பொருளைத் திறந்து வைத்திருந்தால் ஸ்லர்முக்கு அது தானாகத் தெரியாது.

அப்புறம் வரிசை. கேட்ட நேரம் முடிந்ததும் வேலை நிறுத்தப்பட்டுவிடுமோ என்ற பயத்தில் எல்லாரும் அனுமதிக்கும் அதிகபட்ச நேரத்தையே கேட்கிறார்கள். பேக்ஃபில் முறையில், பெரிய வேலைக்காக இடம் ஒதுங்கும் இடைவெளியில் சின்ன வேலைகள் நுழைந்துவிடும். ஆனால் நீங்கள் கேட்ட நேரம் அந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும். மூன்று மணி நேர வேலைக்கு மூன்று நாள் கேட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். நினைவகமும் அப்படித்தான். முடிந்த வேலையை எஸ்அக்ட் கட்டளையில் பார்த்தால் அது உண்மையில் எடுத்த உச்ச நினைவகம் மேக்ஸ்ஆர்எஸ்எஸ் என்ற மதிப்பாக இருக்கும். அதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கேட்டாலே போதும்.

ஸ்க்ராட்ச் எனும் தற்காலிகச் சேமிப்பிடம் வேகமானது, ஆனால் எங்கள் துறையில் அதற்கு பேக்கப் கிடையாது. முடிவுகளை அன்றன்றே உங்கள் ஹோம் கோப்பகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

உதவி மையத்தைப் பற்றி மனதாரச் சொல்கிறேன்: நல்லவர்கள், ஆனால் ஆள் குறைவு. "வேலை ஓடவில்லை" என்று மட்டும் டிக்கெட் போட்டால் பதிலாகக் கேள்விதான் வரும். வேலை எண், பிழைச் செய்தி முழுதாக, ஸ்கிரிப்ட் இருக்கும் இடம், கடைசியாக எப்போது சரியாக ஓடியது என்ற நான்கையும் எழுதினால் பெரும்பாலும் அன்றே தீர்ந்துவிடுகிறது. இயங்குதளத்தை மாற்றிய பிறகும் வழிகாட்டிப் பக்கங்களில் பழைய மாட்யூல் (மென்பொருளை ஏற்றப் பயன்படுவது) பெயர்களே கிடப்பதுதான் என் பெரிய குறை. புதியவர்கள் அதை அப்படியே நகலெடுத்து, மாட்யூல் கிடைக்காமல் திணறுகிறார்கள்.

ஜிபியு கார்டு உள்ள கணுக்களுக்கு (கிளஸ்டரில் இருக்கும் தனித்தனிக் கணினிகள்) இன்னும் ஒரு விதி வேண்டும். உலாவியில் நிரல் எழுதி ஓட்டும் ஜுபிட்டரைத் திறந்து வைத்துவிட்டு, எதையும் ஓட்டாமல் ஒரு கார்டையே பிடித்து வைத்திருப்பது இங்கே சகஜமாகிவிட்டது. சும்மா கிடக்கும் அமர்வுகள் சில மணி நேரத்தில் தானாக மூட வேண்டும் என்று துறைக் குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை, அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கேட்பேன்.