சர்க்கரையா, அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பா?

கலோரி: இரண்டிலும் கிராமுக்கு 4தான். ஆனால் அஸ்பார்டேம் சுமார் 200 மடங்கு இனிப்பு. துளி போதும், கணக்கிலேயே வராது.

பல்: சர்க்கரை சொத்தையாக்கும், மற்றது ஆக்காது.

சமையல்: அஸ்பார்டேம் சூட்டில் இனிப்பை இழக்கும்.

எடை: இங்கேதான் குழப்பம். எடையைக் கட்டுப்படுத்த செயற்கை இனிப்புகளை நாட வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது.

புற்றுநோய்: அதே ஆண்டு ஜூலையில் அஸ்பார்டேம் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ பட்டியலில் சேர்ந்தது. சரி, பயப்பட வேண்டுமா? உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பு மாறவே இல்லை.

சர்க்கரை நோயாளிக்கு அளவோடு அஸ்பார்டேம் உதவும். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர்கள் அதைத் தவிர்க்கத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு என் ஓட்டு சர்க்கரைக்கே, பாதி ஸ்பூனாக.