பென்ஷன் அக்கவுண்ட்டை முடக்குவோம் என்று மிரட்டினால் எதிலும் கையெழுத்துப் போடாதீங்க

பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறிக் குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கிறது. மகன் தறி வாங்கத் தனியார் ஃபைனான்ஸில் கடன் எடுத்திருப்பார். அரசு வேலையில் ரிட்டையர் ஆன அப்பா ஜாமீன் போட்டிருப்பார். டியூ நின்றதும் வசூல் ஆள் வாட்ஸ்அப்பில் ஒரு தாள் அனுப்புவார். மேலே சிங்க முத்திரை, 'அட்டாச்மென்ட் ஆர்டர்' (ஜப்தி உத்தரவு) என்று கொட்டை எழுத்து. எந்த கோர்ட், என்ன வழக்கு எண் என்று மட்டும் இருக்காது. மறுநாள் வீட்டுக்கே வந்து, 'பென்ஷனில் பிடித்துக்கொள்ளச் சம்மதம்' என்ற கடிதத்திலும் ஒரு நாச் ஃபாரத்திலும் (மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதி) பெரியவரிடம் கையெழுத்து வாங்கிப் போவார். அடுத்த மாதம் பென்ஷன் ஏறிய கையோடு பணம் போய்விடும். பச்சையான ஏமாற்று இது.

ஃபைனான்ஸ்காரர் தானாக யார் அக்கவுண்ட்டையும் முடக்க முடியாது. வழக்குப் போட்டு டிக்ரியோ (கோர்ட் தீர்ப்பாணை), ஆர்பிட்ரேஷன் (நடுவர்) தீர்ப்போ வாங்கி, அதை வைத்து ஈ.பி. (நிறைவேற்று மனு) போட்டு, கோர்ட் வழியாகத்தான் வங்கிக்கு நோட்டீஸ் போகும் (சிவில் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 21, ரூல் 46ஏ). சில நேரம் தீர்ப்புக்கு முன்பே இடைக்கால உத்தரவு வாங்குவதுண்டு. அதற்கும் எண் இருக்கும். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணையோ உங்கள் பெயரையோ போட்டுத் தேடிப் பாருங்க.

ஒரு விலக்கு உண்டு. கடன் கொடுத்ததே உங்கள் வங்கி என்றால், கோர்ட் இல்லாமலே உங்கள் எஸ்.பி. கணக்கிலிருந்து பாக்கியைக் கழிக்க அதற்கு வழி இருக்கிறது. அதனால்தான் பென்ஷன் கணக்கும் கடன் கணக்கும் ஒரே வங்கியில் வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்கிறோம். வருமான வரி, ஜி.எஸ்.டி. பாக்கி வேறு கதை. அவர்களுக்கு டிக்ரி தேவையில்லை.

கோர்ட்டே உத்தரவு போட்டாலும் தொட முடியாத பணம் எது என்பது சிவில் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவில் இருக்கிறது. பென்ஷன், கிராஜுவிட்டி, பி.எஃப்., பி.பி.எஃப்., ஆயுள் காப்பீட்டுப் பணம், கூலித் தொழிலாளியின் கூலி எல்லாம் அதில் வரும். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தப்பும். 25,000 சம்பளம் என்றால் 17,000 உங்களுக்கு. மாதம் 8,000க்கு மேல் பிடிக்க முடியாது, அதுவும் 24 மாதம் வரைதான். ஜீவனாம்ச டிக்ரிக்கு மட்டும் கணக்கு வேறு: மூன்றில் ஒரு பங்குதான் தப்பும்.

'பென்ஷன் அக்கவுண்ட்டில் விழுந்துவிட்டால் அது சாதாரணப் பணம்தானே' என்று வசூல் ஆள் வாதிடுவார். ராதே ஷியாம் குப்தா வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பென்ஷன், கிராஜுவிட்டிப் பணம் கைக்கு வந்து டெபாசிட்டாக மாறினாலும் பாதுகாப்பு போகாது என்றது. ஆனால் நெல் விற்ற பணம், வாடகை எல்லாம் அதே கணக்கில் கலந்து கிடந்தால் எது பென்ஷன் என்று காட்டுவது பெரும்பாடு. பென்ஷனுக்கென்று தனிக் கணக்கு வையுங்க. பாஸ்புக்கில் மாதாமாதம் என்ட்ரி போட்டு வையுங்க.

சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டவர்கள் கலங்க வேண்டாம். 60(1ஏ) பிரிவின்படி, இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தது எதுவும் செல்லாது. நாச் ஃபாரம் அப்படியில்லை. அது நீங்களே கொடுத்த அனுமதி, ஜப்தியே கிடையாது. வங்கிக் கிளைக்குப் போய் அந்த அனுமதியை (மேண்டேட்) ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்க. ரத்து செய்யாமல் கணக்கைக் காலியாக விட்டால் செக் பவுன்ஸ் மாதிரியே 2007ஆம் ஆண்டுப் பணப்பட்டுவாடா சட்டம் 25ஆம் பிரிவில் வழக்கு வரும்.

நிஜமான உத்தரவே வந்துவிட்டால், வங்கி மேலாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. கோர்ட் சொன்னதைத்தான் அவர் செய்வார். உத்தரவு நகலை வாங்கி, பாஸ்புக், பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) நகலோடு ஈ.பி. நடக்கும் கோர்ட்டிலேயே விலக்கு கேட்டு மனுப் போட வேண்டும். தானாக யாரும் விடுவிக்க மாட்டார்கள். சம்மனே கைக்கு வராமல் எக்ஸ்பார்ட்டி டிக்ரி (நீங்கள் இல்லாமலே தீர்ப்பு) ஆகியிருந்தால், தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஆலைத் தொழிலாளர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம். சட்ட உதவி எண் 15100க்குக் கூப்பிட்டுக் கேளுங்க.