நாக்குக்கடியில் கரையும் மாத்திரை: மருந்து சரி, கவுன்ட்டர்தான் சரியில்லை

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் ‘ஊசி போடுறான்’ என்று ஒரு பையனைப் பற்றிச் சொன்னால் அது பெரும்பாலும் ஹெராயினாக இருக்காது. டேபென்டடால் மாதிரியான அபின் வகை வலி மாத்திரையைப் பொடித்து, சலைனில் கலக்கி நரம்பில் ஏற்றுவதுதான் இங்கே அதிகம். மாத்திரையை உருட்டச் சேர்க்கும் டால்க்கும் மாவும் கரையாது. நரம்பை அடைப்பதும், முழங்கையில் சீழ்க்கட்டியாக வந்து நிற்பதும் அதனால்தான். இந்தப் பழக்கத்திலிருந்து மீட்க மனநல மருத்துவர்கள் எழுதுகிற புப்ரெனார்பின்–நலாக்சோன் மாத்திரையைப் பற்றிய மதிப்பீடு இது. மருந்துக்கு ஐந்துக்கு நாலரை. அது நோயாளியின் வாய்க்கு வந்து சேரும் ஏற்பாட்டுக்கு இரண்டு, அதுவும் தாராளமாகப் போட்டால்.

இங்கே பரவலாகக் கிடைப்பது 2 மி.கி. புப்ரெனார்பினுடன் 0.5 மி.கி. நலாக்சோன் சேர்ந்தது. படிப்படியாகக் குறைப்பதற்கு 0.4 மி.கி.யும் உண்டு. அபின் வகை மருந்துகள் மூளையில் உட்காருகிற அதே இடத்தில்தான் புப்ரெனார்பினும் உட்காரும். மற்றதைத் தள்ளிவிட்டு இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் முழு வேகத்தில் முடுக்காது. அதனால் கைகால் குடைச்சலும் ஏக்கமும் அடங்கும், கிறக்கம் பெரிதாக வராது. அளவு கூடினாலும் மூச்சு அடங்குவது ஒரு மட்டத்தோடு நின்றுவிடும். கூடவே சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் அந்தக் காப்பு போய்விடும். நலாக்சோன் அபின் வகை மருந்தின் வேகத்தை முறிப்பது, காவலுக்கு வைத்தது. நாக்குக்கடியில் அது ரத்தத்தில் ஏறுவது சொற்பம். கரைத்து ஊசியில் ஏற்றினால்தான் வேலையைக் காட்டும்.

பயன்படுத்தும் முறையில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். முழுங்கினால் கல்லீரலே பெரும்பகுதியை அழித்துவிடும், காசுக்கு வந்த கேடு. வாயில் பாக்கு, ஹான்ஸ் எதுவும் இருக்கக் கூடாது. கொப்பளித்து, ஒரு மிடறு தண்ணீரில் நாக்கை நனைத்துக்கொண்டு வைக்க வேண்டும். டோஸ் 8 மி.கி. என்றால் 2 மி.கி. மாத்திரை நான்கு. நான்கும் கரைய ஐந்து நிமிடமும் ஆகலாம், பத்து நிமிடமும் ஆகலாம். அதுவரை பேச்சு, டீ, பீடி எதுவும் கிடையாது. பேசினால் எச்சில் தொண்டைக்குள் போகும், மருந்தும் கூடவே போகும். நல்ல சென்டரில் நர்ஸ் அக்கா டார்ச் அடித்துப் பார்ப்பார். “நாக்கத் தூக்குங்க தம்பி... இன்னும் வெள்ளையா இருக்குதுங்க. பேசாம உக்காருங்க.” தம்பி தலையை மட்டும் ஆட்டுவார். கூட்டம் நெருக்கும் சென்டரில் இரண்டு நிமிடத்தில் “சரி, போங்க” என்கிறார்கள். பாதி மருந்து எச்சிலோடு போய்விடும், சாயங்காலமே குடைச்சல் ஆரம்பிக்கும், பழி மட்டும் மாத்திரை மேல் விழும்.

முழுக்கக் கரைந்த பிறகு தண்ணீரை வாயில் சுழற்றி முழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் துலக்க வேண்டும். இந்த மாத்திரையால் பல் சொத்தை விழுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜனவரியில் எச்சரித்தது. இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

முதல் நாள்தான் கண்டம். உடம்பில் வலி மாத்திரையின் வேகம் இருக்கும்போதே இதைக் கொடுத்தால், இது அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் பாதி பலத்தோடு உட்காரும். ஒன்றரை மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி, உடம்பெல்லாம் சிலிர்ப்பு. வீட்டார் “மருந்து ஒத்துக்கலீங்க” என்று கூட்டிக்கொண்டு போனால் அந்தப் பையன் திரும்ப வரவே மாட்டான். சாதாரண வலி மாத்திரை என்றால் கடைசியாகப் போட்டு 12 மணி நேரமாவது ஆக வேண்டும். மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகை என்றால் இன்னும் தள்ள வேண்டும். கடிகாரத்தை மட்டும் நம்பவும் முடியாது, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நேரத்தை மாற்றிச் சொல்பவர்கள் உண்டு. கொட்டாவி, கண்ணில் நீர், விரிந்த கண்மணி, மயிர்க்கூச்சம் என்று 11 அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் ‘கௌஸ்’ அட்டவணை இதற்காகத்தான் இருக்கிறது. எட்டுக்கு மேல் வந்த பிறகு 2 மி.கி. கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொன்று கொடுக்கும் இடத்தை நம்பலாம். வந்ததும் மாத்திரையை நீட்டும் இடத்தை நம்ப வேண்டாம்.

சிறுநீர்ப் பரிசோதனை பட்டையிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. கடையில் விற்கும் சாதாரண ‘ஓபியேட்’ பட்டை மார்பின், கோடீன் வகையைத்தான் காட்டும். டேபென்டடால், டிரமடால் என்ற வலி மாத்திரைகள், புப்ரெனார்பின் மூன்றுமே அதில் தெரியாது. ‘நெகட்டிவ்’ வந்ததை வைத்து மகன் சுத்தமாகிவிட்டான் என்று நிம்மதி அடைவதும், மாத்திரை போடவில்லை என்று சந்தேகப்படுவதும் இரண்டுமே வீண்.

இனி அந்த இரண்டு மதிப்பெண் கதை. புப்ரெனார்பின் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது. மீட்பு மையங்கள், மருத்துவமனைகள் வழியாகத்தான் தர முடியும். தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. பழக்கத்தை உண்டாக்கின வலி மாத்திரை மட்டும் சீட்டில்லாமல் கை மாறிக்கொண்டே இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் வேலை, காலையில் உள்ளே போனால் இரவுதான் வெளியே. மருந்து தருவதோ காலை ஓ.பி. நேரத்தில். பல்லடத்திலிருந்தோ காங்கேயத்திலிருந்தோ தினமும் பஸ் ஏறி வா என்றால் முதல் வாரத்திலேயே வேலை போகும், இல்லாவிட்டால் சிகிச்சை போகும். ஒரு நாள் தவறுவதால் குடி முழுகிவிடாது. மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். சனிக்கிழமை சம்பளமும் ஞாயிற்றுக்கிழமை பூட்டிய கவுன்ட்டரும் சேர்ந்து வருவதுதான் ஆபத்து.

வேறு வழி இல்லாமல் இல்லை. பிரான்ஸில் 1990-களின் நடுவில் சாதாரண டாக்டரே எழுதவும், பக்கத்து மருந்துக்கடையிலேயே வாங்கவும் விட்டார்கள். அளவு மீறிய சாவுகள் சில ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கின. கொஞ்சம் மாத்திரை தெருவுக்கும் ஊசிக்கும் போனது உண்மைதான். அங்கே கொடுத்தது நலாக்சோன் சேராதது. அமெரிக்காவில் இதை எழுத டாக்டர்களுக்கு இருந்த தனி அனுமதிக் கட்டாயத்தை 2022 டிசம்பரில் எடுத்தார்கள். பஞ்சாப் 2017 அக்டோபரில் வெளிநோயாளி மையங்களைத் திறந்தது, கொரோனா காலத்தில் வீட்டுக்கும் கொடுத்தனுப்பியது. பயிற்சி பெற்ற மருந்தாளுநர் ஒருவர், ஒரு பதிவேடு, பூட்டுள்ள ஓர் அலமாரி, இரவு ஒன்பது வரை திறந்த கதவு: தாலுகாவுக்கு ஒன்று வைத்தாலே இந்த மதிப்பெண் ஏறும்.

‘எத்தனை நாள் கோர்ஸ்?’ என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், வலி மாத்திரைக்கு அடிமையான 653 பேர் சேர்ந்தார்கள். 12 வாரம் தொடர்ந்து இந்த மருந்தில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தேறியிருந்தார்கள். மருந்தைக் குறைத்து நிறுத்தி எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது 9 சதவீதத்துக்கும் குறைவு. ‘21 நாளில் விடுதலை’ போர்டுகளைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு ஞாபகம் இருக்கட்டும். இடைவெளி விட்ட உடம்புக்குத் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவை ஒரே தடவை போட்டாலே உயிர் போகலாம். நிறுத்துவதென்றால் மாதக்கணக்கில் இறக்க வேண்டும். 8-லிருந்து 4-க்கு வருவது சுலபம், கடைசி 2 மி.கி.தான் படுத்தும். அங்கே 0.4 மாத்திரை கைகொடுக்கும்.

அரை மதிப்பெண் குறைத்தது மலச்சிக்கலுக்கும் வியர்வைக்கும். தறி ஓட்டுபவர்கள் தண்ணீர் குடிப்பதே குறைவு, அவர்களுக்கு இது பெரிய தொல்லை. ஆபரேஷன், பல் பிடுங்குவது என்று போனால் இந்த மாத்திரை போடுவதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வழக்கமான வலி ஊசி சரியாக வேலை செய்யாது. வீட்டுக்குக் கொடுத்தால் லைன் வீட்டு அலமாரியில் திறந்து வைக்காதீர்கள். சின்னக் குழந்தைக்கு ஒரு மாத்திரையே ஆபத்து.

சேருமுன் கேட்க: 2017 மனநலச் சட்டப்படி பதிவு இருக்கிறதா? சங்கிலியில் கட்டுவது அந்தச் சட்டத்தில் குற்றம். தானாகச் சிகிச்சைக்கு வருபவருக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது, அதைச் சொல்லித் தருகிறார்களா? இலவச உதவி எண் 14446. கடைசியாக ஒன்று: ஊரில் நோம்பி சாட்டி மூன்று நாள் லீவு விட்டால் மருந்து யார் கொடுப்பார்கள்? இதற்கு உடனே பதில் வரும் சென்டரில் சேருங்கள்.